அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம்: வக்கீல் யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும்

கிரீன் கார்டு வாங்கி நாலரை வருடம் ஆன ஒருவர் பாட்லக் விருந்துக்கு வந்திருந்தால் போதும், பேச்சு எப்படியும் அங்கே வந்து நிற்கும். "என்-400 நாமே போட்டுடலாமா, லாயர் வைக்கணுமா?" உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "ஆன்லைன்ல ஒரு மணி நேர வேலை, இதுக்குப் போய் யாராவது காசு கொடுப்பாங்களா?" என்பார் ஒருவர். "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இன்டர்வியூல பெரிய சிக்கலாயிடுச்சு, லாயர் இல்லாம போகாதீங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். யாருக்குச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

என்-400 என்பது குடியுரிமை விண்ணப்பப் படிவம். பெயர், விலாசம், வேலை, வெளிநாட்டுப் பயணம், கல்யாணம், பிள்ளைகள், அப்புறம் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய நீளமான கேள்வி வரிசை. இங்கே எம்.எஸ். படித்து, ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருந்து, வருடாவருடம் டாக்ஸ் ஃபைல் பண்ணிப் பழகியவருக்கு இதை நிரப்ப யார் துணையும் வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும், குடியேற்றத்தையும் குடியுரிமையையும் கவனிக்கும் அரசுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். அதை மட்டும் படிப்பதில்லை. உங்கள் பெயரில் உள்ள 'ஏ-ஃபைல்' என்ற கோப்பையும் எடுத்துப் பார்க்கிறது. கிரீன் கார்டுக்காகக் கொடுத்த ஒவ்வொரு தாளும், ஊரிலிருந்து கொண்டுவந்த திருமணச் சான்றும், பழைய வேலை அனுபவக் கடிதங்களும் அதில் இருக்கும். கிரீன் கார்டு புதுப்பிக்கும்போது இதை யாரும் இவ்வளவு ஆழமாகக் கிளறுவதில்லை. குடியுரிமை கேட்டால் கிளறுவார்கள்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டு, முறையாகக் கிடைத்தவருக்குத்தான் குடியுரிமை தரலாம். அதனால் "இவருக்குக் குடியுரிமை கொடுக்கலாமா" என்பதற்கு முன்பே "இவருக்குக் கிரீன் கார்டு கொடுத்ததே சரியா" என்று அதிகாரி கேட்கலாம். பதில் பாதகமாக வந்தால் விஷயம் விண்ணப்பத் தள்ளுபடியோடு முடியாமல், குடியேற்ற நீதிமன்றத்துக்கு அழைக்கும் நோட்டீஸ் வரை போகலாம். அப்படிப் போனால் கையில் இருக்கிற கிரீன் கார்டுக்கே ஆபத்து.

ஆகவே நல்ல குடியேற்ற வக்கீலின் முதல் வேலை, இப்போது போடலாமா வேண்டாமா என்று சொல்வது. படிவம் நிரப்புவதெல்லாம் அதற்கப்புறம்தான். கோப்பில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஏ-ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கி, பத்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வரிவரியாகப் படிப்பார். "இப்ப வேண்டாம், ரெண்டு வருஷம் பொறுங்க" என்று சொல்லி அனுப்புகிற வக்கீல், வாங்கின கன்சல்டேஷன் காசுக்கு மேலேயே வேலை செய்துவிட்டார் என்பேன்.

அடிப்படை விதிகளை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். கிரீன் கார்டு கிடைத்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்தே வாழ்கிறவருக்கு 3 வருடம் போதும். இந்தக் கெடு முடிவதற்கு 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். 5 வருடத்தில் குறைந்தது 30 மாதம் (3 வருடக் கணக்கில் 18 மாதம்) இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். நன்னடத்தை, ஆங்கிலம், சிவிக்ஸ் (அமெரிக்க வரலாறும் அரசு முறையும்) ஆகியவை மீதி. 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760. வருமானம் குறைந்தவர்களுக்கு 380 டாலர் என்ற சலுகைக் கட்டணமும், முழு விலக்கும் உண்டு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு சிவிக்ஸ் தேர்வு கடினமாகியிருக்கிறது. முன்பு 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்பார்கள், 6 சொன்னால் போதும். இப்போது பட்டியலில் 128 கேள்விகள். அவற்றில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். இதற்கெல்லாம் வக்கீல் வேண்டாம், படித்தால் போதும். நம்மவர்கள் தேர்வில் கோட்டை விடுவது அபூர்வம். மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

முதலாவது, பயணக் கணக்கு.

கடந்த 5 வருடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் போன ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தையும் படிவத்தில் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலைய முத்திரை பாதி அழிந்திருக்கும். பழைய பாஸ்போர்ட் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ தெரியாது. மின்னஞ்சலில் பழைய டிக்கெட்டைத் தேடி எடுக்கலாம், அமெரிக்காவுக்கு வந்துபோவதைப் பதியும் ஐ-94 தளத்தில் பயண வரலாற்றைப் பார்க்கலாம். கிளம்பிய நாளும் திரும்பி வந்த நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே கணக்காகும். இதுவரை வெறும் கூட்டல் கழித்தல்தான்.

சிக்கல் நீளமான பயணத்தில். 30 மாதக் கணக்கு வேறு, 'தொடர் வசிப்பு' என்ற கணக்கு வேறு. ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். அறுந்துபோகவில்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரு வருடத்தைத் தொட்டால் அனுமானமே இல்லை, அறுந்தது அறுந்ததுதான். (நிறுவனம் அனுப்பி வெளிநாடு போகிற சிலர் என்-470 என்ற படிவம் போட்டு இதைத் தவிர்க்கலாம், மிகச் சிலருக்குத்தான் பொருந்தும்.) இங்கே பலரும் தடுக்கி விழுவது, நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வர அனுமதிக்கும் ரீ-என்ட்ரி பர்மிட்டில். அதை வாங்கிக்கொண்டு பதினான்கு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தால் கிரீன் கார்டு பிழைக்கும். குடியுரிமைக்கான தொடர் வசிப்பு பிழைக்காது. 5 வருட விதியில் இருப்பவர் திரும்பி வந்து 4 வருடமும் ஒரு நாளும் ஆன பிறகுதான் மறுபடி போட முடியும். 

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகன் தஞ்சாவூரில் எட்டு மாதம் தங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இவனே விண்ணப்பித்தால் பயண அட்டவணையில் தேதியை எழுதி அனுப்பிவிடுவான். அதிகாரி கேட்கும்போது வாயால் சொல்வான். வக்கீலிடம் போனால் அனுப்புவதற்கு முன்பே ஒரு கட்டு சேரும்: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, அலுவலகம் கொடுத்த விடுப்புக் கடிதம், அந்த எட்டு மாதமும் கட்டிய வீட்டுக்கடன், மனைவியும் குழந்தைகளும் இங்கேயே இருந்ததற்கான பள்ளிப் பதிவு, அந்த வருடமும் இந்நாட்டில் வசிப்பவராகவே வரி தாக்கல் செய்ததற்கான வரித்துறை (ஐ.ஆர்.எஸ்.) டிரான்ஸ்கிரிப்ட். கூடவே ஒரு பக்க விளக்கக் கடிதம். கேட்பதற்கு முன்பே பதில் கோப்பில் உட்கார்ந்திருந்தால் நேர்காணல் ஐந்து நிமிடத்தில் அந்தப் பயணத்தைத் தாண்டிவிடும். மாறாக, அந்த வருடம் யாரோ சொன்னார்கள் என்று '1040-என்.ஆர்.' படிவத்தில், அதாவது இங்கே வசிக்காதவராக, வரி தாக்கல் செய்திருந்தால், எத்தனை கடிதம் வைத்தாலும் கஷ்டம்தான்.

பெற்றோருக்குப் போடும்போது இதே பிரச்சினை இரட்டிப்பாகும். ஆறு மாதம் இங்கே பேரப்பிள்ளைகளோடு, ஆறு மாதம் ஊரில் என்று போய் வந்தே பழகியவர்கள் அவர்கள். தனித்தனிப் பயணம் ஆறு மாதத்துக்குள் அடங்கினாலும், மொத்தத்தில் வாழ்வது எங்கே என்று அதிகாரி கேட்கலாம். அதைவிடப் பெரிய தடை ஆங்கிலம். "வயசானவங்களுக்குத் தமிழ்லயே கேப்பாங்களாம்" என்று பேச்சு உண்டு. பாதி உண்மை. 50 வயதாகி, கிரீன் கார்டோடு 20 வருடம் இருந்தவருக்கும், 55 வயதாகி 15 வருடம் இருந்தவருக்கும்தான் ஆங்கில விலக்கு. அவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்து சிவிக்ஸ் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லலாம். 62 வயதில் வந்த அம்மாவுக்கு அந்த விலக்கு 77-இல்தான் கிடைக்கும். 65 வயதோடு 20 வருடமும் ஆனவர்களுக்குக் கேள்விப் பட்டியலே சிறியது.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி, என்-648 என்ற மருத்துவ விலக்குப் படிவம். நினைவு மறதி, பக்கவாதம் போன்ற காரணத்தால் புதிதாக எதையும் கற்க முடியாதவர்களுக்கு அது. வயதாகிவிட்டது, பள்ளிக்கூடமே போனதில்லை என்பதெல்லாம் காரணமாகாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவரோ உளவியல் நிபுணரோதான் நிரப்ப வேண்டும்; ஊர் டாக்டரின் சான்று செல்லாது. இந்தப் படிவம் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்: டாக்டர் நோயின் பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார். அந்த நோய் எப்படி ஆங்கிலம் கற்பதைத் தடுக்கிறது என்ற இணைப்பை எழுத மாட்டார். அவர் மருத்துவர், அவருக்குச் சட்டம் என்ன கேட்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. வக்கீல் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான். பெற்றோருக்காக வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு படிவத்தை வாங்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது, வேலை வழியாக வந்த கிரீன் கார்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி.-2, இ.பி.-3 என்ற வேலைவழிப் பிரிவுகளின் வரிசை எவ்வளவு நீளம் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்காக ஒரே நிறுவனத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், கார்டு கைக்கு வந்த இரண்டாம் மாதமே வேறு வேலைக்குத் தாவுவது இயல்பு. ஐந்து வருடம் கழித்து அதிகாரி கேட்பார்: "உங்களுக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள்?" இவ்வளவு மாதம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. கார்டு வாங்கியபோது அந்த வேலையைச் செய்யும் எண்ணம் உண்மையாக இருந்ததா என்பதுதான் கேள்வி. ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் 180 நாள் ஆன பிறகு அதே மாதிரி வேலைக்கு மாறச் சட்டமே அனுமதிக்கிறது. அப்படி மாறியிருந்தால் அதற்கான தாள்களை எடுத்து வைக்க வேண்டும். ஆட்குறைப்பில் போனவர் அந்தக் கடிதத்தை வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கப்படுவதே இல்லை. ஹெச்-1பி காலத்திலிருந்து "எங்க லாயர், எங்க லாயர்" என்று நாம் சொன்னவரைப் பிடித்து வைத்தது நிறுவனம். அவருக்குப் பணம் கொடுத்ததும் நிறுவனம். நமக்கும் நிறுவனத்துக்கும் நலன் முட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் முழுக்க நம் பக்கம் நின்றிருக்க முடியாது. குடியுரிமை விண்ணப்பத்தில் நிறுவனத்துக்கு எந்த வேலையும் இல்லை. பலருக்கும் அமெரிக்காவில் முதன்முறையாகத் தனக்கென்று மட்டும் ஒரு குடியேற்ற வக்கீல் அமைவது இப்போதுதான். பழைய அலுவலக வக்கீல் தயாரித்த அனுபவக் கடிதத்தில் ஏதோ இடித்தால், அதைச் சுதந்திரமாகப் பார்க்க வேறொருவர் தேவை.

மூன்றாவது, போலீஸ். "கேஸ் டிஸ்மிஸ் ஆயிடுச்சு, ரெக்கார்டு கிளியர்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மாநில நீதிமன்றம் என்ன பெயர் வைத்தாலும் சரி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி வகுப்புக்குப் போகச் சொன்னாலோ அபராதமோ கண்காணிப்போ விதித்தாலோ, குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். பின்னால் பதிவை அழித்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். வீட்டில் சண்டை, பக்கத்து வீட்டுக்காரர் 911 அழைக்க, கைது, "ஒத்துக்கிட்டா வகுப்போட முடிஞ்சிடும்" என்ற ஆலோசனை, கையெழுத்து. குடும்ப வன்முறைத் தண்டனை கிரீன் கார்டு வைத்திருப்பவரையே நாடுகடத்தக்கூடிய காரணம். 2010-இல் பதில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கில் வாதாடும் வக்கீல் இந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் பலருக்கு யாரும் சொல்லவில்லை.

மது அருந்தி வண்டி ஓட்டியதற்காக விண்ணப்பக் காலத்துக்குள் இரண்டு தண்டனை இருந்தால், நன்னடத்தை இல்லை என்ற அனுமானத்தோடுதான் விசாரணையே தொடங்கும். கஞ்சா கலிஃபோர்னியாவில் சட்டபூர்வம், கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம். கஞ்சாக் கடையில் வேலை பார்த்ததுகூடக் குறுக்கே வரலாம் என்று 2019-இலேயே யு.எஸ்.சி.ஐ.எஸ். எழுத்தில் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த புதிய வழிகாட்டல் நன்னடத்தையை இன்னும் அகலமாகப் பார்க்கச் சொல்கிறது: குற்றம் இல்லை என்றால் மட்டும் போதாது, நல்லதாக என்ன செய்தீர்கள் என்றும் அதிகாரி எடை போடலாம். சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். 500 டாலருக்குக் குறைந்த அபராதம், கைது இல்லை, மதுவோ போதைப்பொருளோ இல்லை என்றால் ஆவணம் கேட்பதில்லை.

குற்றம் என்றே தெரியாமல் செய்வது ஒன்று உண்டு: வாக்காளர் பதிவு. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது திரையில் வருகிற கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்று தட்டிவிட்டு, தேர்தல் சமயத்தில் அட்டை வந்ததும் ஆசையாகப் போய் வாக்களித்து விடுகிறார்கள். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று பொய்யாகச் சொல்வது குடியேற்றச் சட்டத்தில் மன்னிப்பே அரிதான குற்றச்சாட்டு. என்-400 இந்த இரண்டையும் நேராகவே கேட்கிறது. இப்படி ஏதாவது நடந்திருந்தால் விண்ணப்பத்தைத் தொடாமல் வக்கீலைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டாம் பேச்சே இல்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு வேறொரு பக்கம் இருக்கிறது. அது மற்ற எல்லாவற்றையும்விட ஆழமான குழி. 1997 அக்டோபரில் அமெரிக்கா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அங்கே வாழ்ந்த ஒரு குடும்பம் வரி என்ற பெயரில் கொடுத்த பணம், வாசலுக்கு வந்தவர்களுக்குப் போட்ட சாப்பாடு, கட்டாயத்தின் பேரில் வெட்டிய பதுங்குகுழி எல்லாமே 'பொருளுதவி' என்ற சட்ட வலைக்குள் விழக்கூடும். வற்புறுத்தலில் கொடுத்தவர்களுக்கு விலக்கு தரும் ஏற்பாடு பின்னர் வந்தது. ஆனால் அது தானாகக் கிடைக்காது, அரசு தன் விருப்பின்படி தருவது. என்-400-இல் எந்த ஆயுதக் குழுவோடும் எந்த வகையிலாவது தொடர்பு இருந்ததா, ஆயுதப் பயிற்சி உண்டா, தடுப்பு முகாமில் வேலை பார்த்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி. புகலிட விண்ணப்பத்தில் பல வருடம் முன்பு, அவசரத்தில், யாரோ ஒருவர் மொழிபெயர்த்து எழுதிய வாக்குமூலம் ஏ-ஃபைலில் இருக்கிறது. இன்றைய பதில் அதோடு பொருந்த வேண்டும். அப்போது பயத்தில் மறைத்தது இப்போது வெளியே வந்தால் என்ன ஆகும், அப்போது சொன்னதை இப்போது விட்டுவிட்டால் என்ன ஆகும், புகலிடம் பெற்ற பிறகு இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வந்ததை எப்படிப் பார்ப்பார்கள்? இவற்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யக் கூடாது. இந்த வகை வழக்கைக் கையாண்ட வக்கீலைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாக் குடியேற்ற வக்கீலுக்கும் இது அத்துப்படி அல்ல.

பொய்யின் நிழல் குடியுரிமை கிடைத்த பிறகும் தொடரும். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையை அரசு நீதிமன்றம் போய் ரத்து செய்யலாம். ஆனால் 2017-இல் மஸ்லென்யாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கோடு கிழித்தது: சொன்ன பொய், குடியுரிமை கிடைப்பதில் உண்மையிலேயே பங்கு வகித்திருக்க வேண்டும்.

சரி, வக்கீல் என்று யாரை நம்புவது? குடியேற்றச் சட்டம் கூட்டாட்சிச் சட்டம் என்பதால் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீலும் உங்களுக்காக ஆஜராகலாம். டெக்சாஸில் இருப்பவர் நியூஜெர்சி வக்கீலை வைத்துக்கொள்ளலாம். மாநில வழக்கறிஞர் சங்கத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் உரிமமும், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் அதுவும் தெரியும். வக்கீல் அல்லாமலும் சட்டபூர்வமாக உதவக்கூடியவர்கள், நீதித்துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள். குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ செய்து கொடுப்பார்கள். வயதான பெற்றோருக்கு இது நல்ல வழி. மளிகைக் கடைக்குப் பக்கத்தில் டாக்ஸ், டிராவல்ஸ், நோட்டரி, இமிக்ரேஷன் என்று ஒரே பலகையில் எழுதி வைத்திருப்பவர் இந்த இரண்டு வகையிலும் சேர மாட்டார். நீங்கள் சொன்னதை அவர் தட்டச்சு செய்து தரலாம். எந்தக் கட்டத்தில் எதைக் குறிக்கலாம் என்று ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அவர் தப்பாகக் குறித்தாலும் கையெழுத்து உங்களுடையது.

வக்கீலை அமர்த்தினால், இவர்தான் என் வக்கீல் என்று சொல்லும் ஜி-28 என்ற படிவம் போகும். அதன் பிறகு யு.எஸ்.சி.ஐ.எஸ். அறிவிப்புகள் அவருக்கும் வரும். கட்டணம் பெரும்பாலும் மொத்தத் தொகையாகப் பேசப்படும். சிக்கலைப் பொறுத்து ஏறும். பேரம் பேசுவதைவிட ஒப்பந்தத்தைப் படிப்பது முக்கியம். நேர்காணலுக்கு அவர் வருவாரா, வந்தால் அது தொகைக்குள் அடக்கமா, கூடுதல் ஆவணம் கேட்டு நோட்டீஸ் வந்தால் யார் பதில் எழுதுவது, தள்ளுபடியானால் மேல்முறையீடு தனிக் கணக்கா என்று எழுத்தில் இருக்க வேண்டும். வக்கீலிடம் சொல்வது ரகசியம். மாமாவிடமோ வாட்ஸ்அப் குழுவிலோ சொல்வது அப்படியல்ல. ஆனால் பொய் என்று தெரிந்தே ஒன்றை எழுதிக் கொடுக்க வக்கீலாலும் முடியாது. "அதை மட்டும் விட்டுடுங்க, யாருக்கும் தெரியாது" என்று சொல்கிற வக்கீல் அமைந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நேர்காணல் அறையில் வக்கீல் என்ன செய்வார் என்பதில் பலருக்குச் சினிமா பார்த்த எதிர்பார்ப்பு. எழுந்து நின்று வாதாட மாட்டார். நீங்கள் வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி சொல்வீர்கள். அவர் பக்கத்து நாற்காலியில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அதிகாரி திரையில் ஒரு ஆங்கில வாக்கியத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வார், இன்னொன்றைச் சொல்லி எழுதச் சொல்வார், சிவிக்ஸ் கேட்பார், பிறகு என்-400-ஐ ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டுவார். அந்த உரையாடல்தான் பேச்சு ஆங்கிலத் தேர்வும். பதில் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். கேள்வி குழப்பமாக இருந்தால் வக்கீல் தெளிவாக்கச் சொல்லலாம், வரம்பு மீறினால் ஆட்சேபிக்கலாம், கையோடு கொண்டுவந்த ஆவணத்தை நீட்டலாம், மேலதிகாரியிடம் பேசக் கேட்கலாம். அவ்வளவுதான். சிக்கலில்லாத விண்ணப்பத்துக்கு அவர் அங்கே உட்காரத் தேவையில்லை. பழைய கைது, புகலிடக் கோப்பு, நீண்ட பயணம் என்று ஏதாவது இருந்தால் அவர் இருப்பதே பேச்சின் தொனியை மாற்றும்.

தேர்வில் தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு. விண்ணப்பம் தள்ளுபடியானால் 30 நாளுக்குள் என்-336 போட்டு வேறு அதிகாரி முன் மறுவிசாரணை கேட்கலாம். அதுவும் கைவிட்டால் மாவட்ட நீதிமன்றம். அங்கே நீதிபதி அதிகாரியின் முடிவைச் சரிபார்ப்பதோடு நிற்காமல், வழக்கைப் புதிதாகவே விசாரிப்பார். நேர்காணல் முடிந்து 120 நாள் ஆகியும் முடிவே வராவிட்டாலும் அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். வக்கீல் வழக்குப் போட்டதும் பல மாதம் தூங்கிய கோப்பு எழுந்து உட்காருவதுண்டு.

நீதிமன்றத்துக்கு இவ்வளவு இடம் இருப்பது ஏன் என்றால், 1991 அக்டோபர் வரை குடியுரிமை வழங்கியதே நீதிமன்றங்கள்தான். 1990-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை நிர்வாகத்திடம் கொடுத்தது. அந்தப் பழைய காலத்தில் இந்தியர்களுக்கு நடந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1790-ஆம் ஆண்டுச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டும் குடியுரிமை பெறலாம் என்றது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்பட்டார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் தனக்கும் தகுதி உண்டு என்று வாதாடினார். 1923-இல் உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் அல்ல என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் இங்கிலாந்தில் பிறந்து வந்தவர் என்பது ஒரு வேடிக்கை. அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்து அதைப் பறிக்க அரசு ஒவ்வொருவராக வழக்குப் போட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமையை இழந்து, 1928-இல் தற்கொலை செய்துகொண்டார்.

ஒருவர் வழக்கில் வென்று தப்பித்தார். சகாராம் கணேஷ் பண்டிட். 1914-இல் குடியுரிமை பெற்று, அதை நம்பியே கலிஃபோர்னியாவில் வக்கீல் தொழில் தொடங்கி, அமெரிக்கப் பெண்ணை மணந்தவர். தன் வழக்கில் அவர் இன விவாதத்துக்குள் முடங்கவில்லை. குடியுரிமை தந்தபோதே ஒரு நீதிமன்றம் இதே கேள்வியை விசாரித்து முடிவு சொல்லியாயிற்று. அப்போது மேல்முறையீடு செய்யாத அரசு இத்தனை வருடம் கழித்து அதே கேள்வியை மறுபடி கிளப்ப முடியாது என்ற முனையைப் பிடித்தார். 1926-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 1927-இல் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை எடுக்க மறுத்தது. பறிப்பு வழக்குகளின் வேகம் அதோடு அடங்கியது. மற்றவர்களுக்கும் அவருக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை, எந்தக் கேள்வியில் வழக்கை நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தியர்கள் குடியுரிமை கேட்கும் உரிமை சட்டமாக வந்தது 1946-இல்தான்.

இன்றைக்கு வருவோம். விண்ணப்பம் போடும் முன் வக்கீல் கேட்கிற இரண்டு சின்னக் கேள்விகள் பல தலைவலிகளைத் தடுக்கும். ஒன்று, பிள்ளைகளின் வயது. 18 நிரம்பாத, கிரீன் கார்டு உள்ள, உங்களோடு வாழ்கிற பிள்ளை, நீங்கள் உறுதிமொழி எடுக்கும் நொடியில் தானாகவே குடிமகனாகிவிடும். 2001-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பதினேழரை வயதுப் பெண் இருக்கும் வீட்டில் அப்பா "அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்று தள்ளினால், அவள் தனியாக விண்ணப்பித்துத் தனியாக நேர்காணலுக்குப் போக வேண்டியதுதான்.

இன்னொன்று, பெயர். நம் ஊர் இனிஷியல் இங்கே படுத்தும் பாடு தெரிந்ததுதான். அப்பா பெயர் குடும்பப் பெயராகி, சிலருக்கு முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்து, வங்கியில் ஒன்று, லைசென்ஸில் ஒன்று என்று ஆகியிருக்கும். என்-400-லேயே பெயர் மாற்றமும் கேட்கலாம், தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் அதை அனுமதிப்பது நீதிபதி; ஆகையால் நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவுக்கே காத்திருக்க வேண்டும், சில ஊர்களில் அதற்கு நாளாகும். மாற்றிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்குப் போடும்போது இந்தியத் தாள்களில் பழைய பெயரும் அமெரிக்கத் தாள்களில் புதுப் பெயருமாக நிற்கும். இணைக்கிற ஆவணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் கையில் கொடுத்ததும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அரங்கத்திலேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் திருத்தம் மாதக்கணக்கு.

உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பிறகே ஓ.சி.ஐ. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் இந்தியாவில் வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அப்பாவிடமிருந்து வாரிசாக வருகிற நஞ்சை புஞ்சைக்குத் தடையில்லை. நிலம் வாங்கும் உத்தேசம் இருந்தால் உறுதிமொழிக்கு முன்பே ஊர் வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது, அமெரிக்க வக்கீலுக்கு இது தெரியாது. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும்: அமெரிக்க உறுதிமொழிக்கு முன்பே விண்ணப்பித்தால் இருப்பதைத் தக்கவைப்பதாகும், பிறகு விண்ணப்பித்தால் போனதைத் திரும்பப் பெறுவதாகும்.